குழந்தையின் கலத்துக்கும் கணக்கு வேண்டும்

ஆண்டுதோறும் நம் சங்கங்களில் தணிக்கை நடைபெறுகிறது. தணிக்கை செய்ய வருபவர் பேரேட்டின் அடியிலுள்ள மொத்தத் தொகையை மட்டும் பார்த்துத் திருப்தியுற்று எழுந்து போய்விடுவதில்லை. பங்குத் தொகை எவ்வளவு, நூல் இருப்பு எவ்வளவு, கூலிப் பட்டுவாடா எவ்வளவு, வரவேண்டிய கடன் எவ்வளவு என்று இனம் இனமாகப் பார்க்கிறார். மொத்தம் சரியாக இருந்தும் ஓரினத்தில் குறையிருக்குமானால், அக்குறையைக் குறித்தே செல்கிறார். இது அங்கத்தினர் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால், நம் இல்லத்தில் வளரும் ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையின் ஆகாரத்தைப் பொறுத்த மட்டில் நாம் மொத்தத்தை மட்டுமே பார்த்து மனநிறைவு கொள்கிறோம். "வயிறார உண்டதா? உண்டது. அப்படியானால் கவலையில்லை" என்பதே பெரும்பாலான வீடுகளில் வழங்கும் தீர்ப்பு. இத்தீர்ப்பு போதாது என்பதையும், குழந்தையின் உணவை இனவாரியாகக் கணக்கிடுவது எவர்க்கும் இயலும் என்பதையும், அதற்குத் துணை நிற்கும் பொறுப்பு தாய்மார்களோடு நம் சங்கங்களுக்கும் உண்டு என்பதையும் இங்கு எடுத்துக்கூற விரும்புகிறோம்.

இதை ஒரு சிறு விஷயமென்று தள்ளிவிடுவதற்கில்லை. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. தமிழகத்தில் அது நூற்றுக்கு 57. ஆறு மாதம் நிறைந்து இரண்டு வயது நிறையாத குழந்தைகளில் போதுமான உணவு பெற்றவர்கள், நாடு முழுவதிலும் நூற்றுக்கு 11 பேரே. இக்குழந்தைகள் அனைவரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். இவர்களுள் பெரும்பாலோர் நாள்தோறும் சோறு உண்டவர்களே. சோறு இருந்தது, சோற்றுடன் சேர வேண்டியவை சேரவில்லை.

சோற்றைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அதனால் ஆவது எது, ஆகாதது எது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கலோரி வேண்டும். இலகுவான வேலை செய்யும் ஒரு பெண்ணின் தேவையில் இது பாதிக்கும் மேல். அதனுடன் இரும்புச் சத்து சுமார் 8 மில்லிகிராமும், சுண்ணாம்புச் சத்து சுமார் 500 மில்லிகிராமும் வேண்டும். இவை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வகுத்த அளவுகளையொட்டியவை. சத்துச் சேர்க்கப்படாத தீட்டிய அரிசியில், 100 கிராமுக்குச் சுமார் 350 கலோரி உண்டு. ஆனால் இரும்பு ஒரு மில்லிகிராம்கூட இல்லை. சுண்ணாம்புச் சத்து பத்து மில்லிகிராமுக்கும் குறைவு. ஒரு குழந்தை தனக்கு வேண்டிய 1,000 கலோரியையும் அரிசியிலிருந்தே பெறுவதாக வைத்துக்கொள்வோம். இரும்புச் சத்தின் தேவையில் கால் பங்குகூட நிறையாது. சுண்ணாம்புச் சத்திலோ இருபதில் ஒரு பங்கும் சேராது. வயிறு நிறைந்த குழந்தையின் இரத்தமும் எலும்பும் பசித்திருக்கும் நிலை இதுதான். பாவு எவ்வளவு நீளமாக ஓடியிருந்தாலும் ஊடை இல்லாமல் துணி ஆகாது என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே, குழந்தையின் உணவு சரிவிகிதமானதா என்று அறிய மூன்று கணக்குகள் பார்க்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். முதலாவது, எத்தனை இனம் என்பது. இரண்டாவது, எவ்வளவு, எத்தனை வேளை என்பது. மூன்றாவது, அதன் பலன் உடலில் தெரிகிறதா என்பது.

முதற்கணக்குக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் 2021இல் வெளியிட்ட முறை மிகவும் எளியது. அதன்படி உணவு எட்டு இனங்களாகப் பிரிக்கப்படுகிறது. தாய்ப்பால் ஒன்று, அரிசி, கேழ்வரகு, கோதுமை முதலிய தானியங்களும் கிழங்குகளும் இரண்டு, பருப்பு, பயறு, நிலக்கடலை, எள் முதலியவை மூன்று, பால், தயிர், மோர் நான்கு, இறைச்சியும் மீனும் ஐந்து, முட்டை ஆறு, கீரை, பறங்கிக்காய், காரட், மாம்பழம், பப்பாளி போன்று வைட்டமின் ஏ நிறைந்தவை ஏழு, ஏனைய காய்கனிகள் எட்டு. முந்திய நாள் முழுவதிலும் குழந்தை உண்டவற்றுள் குறைந்தது ஐந்து இனங்கள் இருந்தால் அன்றைய உணவு பலவகைப்பட்டது என்று கொள்ளலாம். இம்முறை இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்காக வகுக்கப்பட்டது. அதன் பின்னரும் தாய்ப்பாலை நீக்கி மற்ற ஏழினங்களைக் கொண்டு இதை ஒரு வழிகாட்டியாகக் கொள்வதில் தவறில்லை. புலால் உண்ணாத இல்லங்களிலும் ஐந்தை எட்டுவது அரிதன்று.

எடுத்துக்காட்டாக, நெசவாளர் குடும்பத்தில் தாய்ப்பால் மறந்த இரண்டரை வயதுக் குழந்தை ஒன்றின் ஒரு நாள் உணவைப் பார்ப்போம். காலையில் தந்தை தறிக்குழியில் இறங்குமுன் அருந்தும் தேநீரில் ஒரு பங்கும் இரண்டு பிஸ்கோத்தும். பிறகு சர்க்கரை தொட்டு ஓர் இட்லி. நண்பகலில் தெளிந்த இரசம் விட்ட சோறு. தாய் தார் சுற்றிக்கொண்டிருக்கும் மாலைப்பொழுதில், அழுகையை நிறுத்தக் கடையில் வாங்கிய ஒரு காகிதப் பை நொறுக்குத் தீனி. இரவில் தயிர் சேர்த்த சோறு. குழந்தை ஐந்து முறை உண்டிருக்கிறது. எவரும் அதைப் பட்டினி போட்டதாகக் கூற முடியாது. ஆனால், இனங்களை எண்ணினால் தானியம் ஒன்று, தயிர் இரண்டு, இட்லியிலுள்ள உளுந்தைச் சேர்த்தால் மூன்று. கீரையில்லை, காயில்லை, பழமில்லை, முட்டையுமில்லை.

அதே இல்லத்தில் அதிகச் செலவின்றிச் செய்யக்கூடிய மாற்றத்தையும் பார்ப்போம். தேநீருக்குப் பதிலாகப் பால் சேர்த்த கேழ்வரகுக் கஞ்சி. இட்லிக்குச் சர்க்கரைக்குப் பதிலாகக் கெட்டியான பருப்புச் சாம்பார். நண்பகலில் பருப்பும் முருங்கைக் கீரையும் ஒரு கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்துப் பிசைந்த சோறு. இயன்ற நாட்களில் பாதி முட்டை. மாலையில் ஒரு வாழைப்பழம் அல்லது விதை நீக்கிய கொய்யாத் துண்டு. இரவில் தயிர்ச் சோற்றுடன் வேகவைத்து மசித்த பறங்கிக்காய். இப்போது எண்ணினால் முட்டை இல்லாமலே ஐந்து இனங்கள், முட்டையுடன் ஆறு. சுண்ணாம்புச் சத்தும் நிறைந்துவிடுகிறது. இரண்டு ஆழாக்குப் பாலோ அதற்கீடான தயிரோ ஏறத்தாழ 400 மில்லிகிராம் தரும். ஒரு கைப்பிடி கேழ்வரகு மாவு மேலும் 90 மில்லிகிராம் அளவுக்குத் தரும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதற்கு ஒரு துளி எலுமிச்சைச் சாறோ, நெல்லியோ, கொய்யாவோ துணை செய்கின்றது. ஆகவே அந்தப் பழத்துண்டை ஆடம்பரமென்று எண்ணலாகாது.

இரண்டாவது கணக்கு அளவைப் பற்றியது. குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளைக்கு ஏறத்தாழ 300 மில்லிலிட்டருக்கு மேல் கொள்ளாது. நீர்த்த கஞ்சியும் இரசச் சோறும் அவ்விடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிடுகின்றன. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்தோடாத பதத்தில் உணவு இருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவும், இடையில் ஓரிரு முறை சிற்றுணவும் தேவை. கெட்டியான கூழைக் குழந்தை விழுங்க மறுக்கிறது என்னும் தாய்மார்களுக்கு நம் பாட்டிமார் அறிந்த வழி ஒன்று உண்டு. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி, உலர்த்தி, இலேசாக வறுத்து அரைத்த மாவில் கஞ்சி காய்ச்சினால், அதிக மாவு சேர்த்தாலும் கஞ்சி இறுகுவதில்லை. முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் ஒரு பொருள் மாவுச் சத்தைச் சிதைத்து இளக்குவதே இதற்குக் காரணம். அதே கிண்ணத்தில் அதிக உணவு அடங்குகிறது. முழு நிலக்கடலை தொண்டையில் சிக்கக்கூடுமாதலால் அதை அரைத்தே கொடுக்க வேண்டும்.

கணக்கைக் கெடுக்கும் சில வழக்கங்களையும் இங்கே குறிப்பிடுதல் அவசியம். பால் நல்லதென்பதற்காக நாள் முழுவதும் பாலையே புட்டியில் ஊற்றிக் கொடுப்பது தவறு. அரை லிட்டருக்கு மேற்பட்ட பால் குழந்தையின் பசியை அடக்கிவிடுகிறது. பாலில் இரும்பும் இல்லை. பருமனான குழந்தைக்கும் இரத்தசோகை வருவதற்கு இது ஒரு காரணம். தேநீர், உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கவொட்டாமல் தடுக்கிறது. குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். விளம்பரங்களில் காணும் இனிப்புப் பானத் தூள்களையும் மருந்து போல் நம்ப வேண்டியதில்லை. அவற்றை 'ஆரோக்கிய பானம்' என்னும் தலைப்பின் கீழ் வைத்து விற்கலாகாதென்று 2024 ஏப்ரலில் மத்திய வணிக, தொழில் அமைச்சகமே இணையவழி விற்பனையாளர்களுக்கு அறிவித்தது. நாட்டின் உணவுச் சட்டத்தில் அப்படியொரு வகையே வரையறுக்கப்படவில்லை. ஒரு புட்டித் தூளின் விலைக்கு எத்தனை முட்டை, எவ்வளவு பயறு வாங்கலாம் என்று தாய்மார்கள் ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

மூன்றாவது கணக்கு எடை. உண்டது உடம்பில் ஒட்டியதா என்பதைத் தராசுதான் கூறும். பிறந்தபோது இருந்த எடை ஓராண்டு நிறைவில் ஏறத்தாழ மும்மடங்காகிறது. இரண்டாம் ஆண்டில் வளர்ச்சியின் வேகம் குறைந்து, இரண்டு முதல் இரண்டரைக் கிலோ மட்டுமே கூடுகிறது. இதனால் அவ்வயதில் பசியும் சற்றுக் குறைவது இயற்கை. ஒரு நாள் உண்ணாவிடின் மிரட்டியும் மூக்கைப் பிடித்தும் ஊட்டுவது கூடாது. ஒரு வாரத்தின் கணக்கைப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். ஆனால், எடை தொடர்ந்து சில மாதங்கள் ஏறாமலே நின்றாலும் குறைந்தாலும் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கன்வாடியில் எடை பார்த்து வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். மேற்கையின் நடுச் சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் எச்சரிக்கை, 11.5க்கும் குறைந்தால் அது உடனடியாகச் சிகிச்சை தேவைப்படும் நிலை. குடற்புழு நீக்கும் மருந்தும், இரும்புச் சத்து மருந்தும், வைட்டமின் ஏ சொட்டும் முறைப்படி கிடைக்கச் செய்வது இக்கணக்கில் அடங்கியதே. அங்கன்வாடியில் குழந்தையின் பெயரால் வழங்கப்படும் சத்துமாவு, பெரியவர்களின் கஞ்சியில் கலந்துவிடாமல் குழந்தைக்கே சேர வேண்டும்.

இவற்றை எடுத்துரைக்கும்போது இரண்டு மறுப்புகள் எழுகின்றன. "நம் பாட்டன்மார் கணக்குப் பார்த்தா பிள்ளை வளர்த்தார்கள்?" என்பது ஒன்று. அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை, உண்மை. ஆனால், கம்பும் கேழ்வரகும் கைக்குத்தல் அரிசியும் வேலியோரத்துக் கீரையும் பல வீடுகளில் அவர்கள் அன்றாட உணவாக இருந்தன. மேலும், அக்காலத்தில் பிறந்த குழந்தைகளுள் எத்தனை பேர் ஐந்து வயதைக் காணாமலே மறைந்தனர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. பிழைத்தவர்களை மட்டும் எண்ணிப் பெருமை கொள்வது சரியான கணக்கன்று.

"கூலி போதாத வீட்டில் சரிவிகித உணவைப் பற்றிப் பேசிப் பயன் என்ன?" என்பது மற்றொன்று. இக்கேள்வியில் நியாயம் உண்டு. கூலி உயர வேண்டும், நூல் தடையின்றிக் கிடைக்க வேண்டும், விளைந்த பொருளுக்குக் கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்னும் கோரிக்கைகளை நாம் ஒருபோதும் கைவிடப் போவதில்லை. வேலையில்லாத மாதத்தில் அடுப்பெரிவதே அரிதாயிருக்கும் வீட்டின் தாயிடம் சென்று, அறியாமையினால்தான் உன் குழந்தை மெலிந்தது என்று கூறுவது அறமன்று. ஆயினும், வறுமை மட்டுமே காரணமென்றால், பால் கறக்கும் வீட்டிலும் பயறு விளையும் வீட்டிலும் குழந்தைகள் சோகையுற்றிருப்பது ஏன் என்ற வினாவுக்கு விடை வேண்டும்.

அவ்விடை நமக்குக் கசப்பானது. விளைவிப்பவனே தன் வீட்டுக்கு வைக்காமல் விற்கிறான். கறந்த பாலின் கடைசிச் சொட்டு வரை பால் சங்கத்துக்கு ஊற்றப்படுகிறது. கோழியிட்ட முட்டை சந்தைக்குப் போகிறது. பயறும் நிலக்கடலையும் களத்திலிருந்தே மூட்டையாகிக் கடனுக்கு ஈடாகின்றன. அப்பணத்தின் ஒரு பகுதி பிஸ்கோத்தாகவும் வண்ணக் காகிதப் பைத் தீனியாகவும் வீடு திரும்புகிறது. விற்பனையைப் பெருக்குவதொன்றே குறிக்கோளென்று நாம் நடத்துவோமானால், இக்கேட்டுக்கு நம் சங்கங்களும் உடந்தையாவோம். எவ்வளவு பால் வந்தது என்று நாள்தோறும் பதிவு செய்யும் நாம், பால் ஊற்றிய வீட்டில் குழந்தைக்கு ஓர் ஆழாக்கு நின்றதா என்று கேட்கும் வழக்கத்தை இன்னும் ஏற்படுத்திக்கொள்ளவில்லை.

ஆகவே, நம் சங்கங்கள் சில காரியங்களை மேற்கொள்ளுதல் வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். முதலாவதாக, பால் ஊற்றும் ஒவ்வோர் இல்லத்திலும் குழந்தையின் இரண்டு ஆழாக்கை ஒதுக்கிய பின்னரே எஞ்சியதைச் சங்கத்துக்குக் கொண்டுவரும் வழக்கத்தை அங்கத்தினர் கூட்டத்தில் தீர்மானமாகவே நிறைவேற்றலாம். இரண்டாவதாக, உழவர் சங்கத்தார் விளைவிக்கும் பயறு, நிலக்கடலை, கேழ்வரகு ஆகியவற்றைச் சிறு சிறு அளவுகளில் கட்டி, நெசவாளர் சங்கத்தின் மூலம் கூலிக் கணக்கில் பற்றெழுதி வழங்கலாம். இடைத்தரகர் இலாபம் நீங்குவதால் இரு சாராருக்கும் இதில் நன்மையே. ஓர் ஊரில் இரண்டு சங்கங்கள் அருகருகே இருந்தும், ஒருவர் விளைவை மற்றவர் வெளிக்கடையில் அதிக விலைக்கு வாங்குவது கூட்டுறவுக்கு அழகன்று. மூன்றாவதாக, மாதம் ஒருமுறை பெண் அங்கத்தினர்களும், அங்கத்தினர் இல்லத்துப் பெண்களும் கூடி, முந்திய நாள் தத்தம் குழந்தை உண்டவற்றை இனவாரியாக எண்ணிப் பார்க்கலாம். கிராம சுகாதாரச் செவிலியரையோ அங்கன்வாடிப் பணியாளரையோ அழைத்துக் கேட்டால் உதவ மறுக்கமாட்டார்கள். நான்காவதாக, தார் சுற்றும் பெண்களும் களை எடுக்கும் பெண்களும் குழந்தைக்கு இடைவேளை உணவு ஊட்ட வேலை நேரத்தில் வசதி செய்து தரப்பட வேண்டும். நேரமில்லாத தாயின் கைக்கு முதலில் எட்டுவது காகிதப் பைத் தீனிதான். அதற்காக அவளைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

இவற்றுக்கு அரசாங்கத்தின் உத்தரவையோ பெருந்தொகை ஒதுக்கீட்டையோ எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. முதல் மூன்று ஆண்டுகளில் சரியான ஆகாரமின்றி வளர்ச்சி தடைப்பட்டால், அவ்விழப்பைப் பிற்காலத்தில் முழுவதும் ஈடுசெய்வது மிகவும் அரிது. தவணை தவறிய கடனுக்கு அவகாசம் கேட்கலாம். குழந்தையின் வளர்ச்சி நமக்கு அவ்வாறு அவகாசம் தருவதில்லை. அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து விவாதிக்குமாறு எல்லாச் சங்கங்களின் நிர்வாகிகளையும் அங்கத்தினர்களையும் வேண்டிக்கொள்கிறோம். அதற்கு முன், இன்றிரவே ஒவ்வோர் இல்லத்திலும் தாயும் தந்தையும் சேர்ந்திருந்து, இன்று நம் குழந்தை எத்தனை இனம் உண்டது என்று விரல் விட்டு எண்ணிப் பார்ப்பார்களாக. ஒரு கையின் ஐந்து விரலும் மடங்காவிடில், நாளைய அடுப்பில் எதைச் சேர்க்க வேண்டும் என்பது அவர்களுக்கே விளங்கிவிடும்.